எவ்வளவு கொடுக்கலாம் என்று கேட்டவர்

வீடு மாற்றுவதில் பாகுபலிக்கு இருந்த கவலை ஒன்றே ஒன்றுதான். லோடு இறக்குகிறவர்களுக்குக் கூலிக்கு மேல் எவ்வளவு கொடுப்பது?

மற்றதெல்லாம் முடிந்துவிட்டது. செஞ்சி பீரங்கிமேட்டில் மாடி வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்தாகிவிட்டது. தொண்டூரிலிருந்து சாமான் ஏற்றிவர வண்டி, நாலு ஆள், கூலி எல்லாம் ரசூல் பாயிடம் ஒரே பேச்சில் தீர்ந்துவிட்டது. பேச்சு முடிந்து எழுந்திருக்கும்போது பாய் சொன்ன ஒரு வார்த்தைதான் அவர் தூக்கத்தைக் கெடுத்தது. "கூலி இது. மேல இன்னா குடுக்கறியோ, அது உன் மனசு, நைனாரே."

காந்தி பஜாரில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர் பாகுபலி. பெயர்தான் பாகுபலி, கேஸ் சிலிண்டரை ஒரு அடி நகர்த்தக்கூட ஆள் தேடுவார். ஃபிரேமுக்கு இவ்வளவு, கண்ணாடிக்கு இவ்வளவு என்றால் அவருக்குத் தெரியும். மனசுக்கு எவ்வளவு என்று யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை. குறைத்துக் கொடுத்தால் ஊரெல்லாம் கஞ்சன் என்பார்கள். கூட்டிக் கொடுத்தால் ஏமாளி என்பார்கள். போதாக்குறைக்கு, தண்ணீரையும் வடிகட்டிக் குடிக்கிற ஜைன நைனார் குடும்பம். கொடுத்த காசு நேரே ஒயின் ஷாப்புக்குப் போனால் அந்தப் பாவத்தில் தன் பங்கு எத்தனை சதவீதம் என்று வேறு படுத்தபடியே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

கண்ணில் பட்டவரையெல்லாம் கேட்டார். சென்னையில் இருக்கிற மைத்துனன் யுவராஜ், "கூலியில பத்து பர்சன்ட் மாமா, அவ்ளோதான், டென்ஷன் ஆவாத" என்றான். பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர், "ஆளுக்கு ஒரு குவார்ட்டர் வாங்கிக் குடுங்க, பீரோல ஒரு கீறல் வுழாது" என்றார். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் ஒருவர், ஒன்றுமே கொடுக்கக்கூடாது, கொடுத்துத்தான் நாடு கெட்டுப்போச்சு என்று சொல்லிவிட்டு, இறங்கும்போது கண்டக்டரிடம் பாக்கிச் சில்லறைக்காகச் சண்டை போட்டார்.

வீட்டில் மனைவி பிரம்மிக்கு இதில் சந்தேகமே வரவில்லை. "நாலு பேருக்கும் வயிறாரச் சோறு போடுங்க. அதுக்கு மேல கையில எதுனா குடுங்க. இதுக்குப் போயி தூங்காம பொரண்டுக்கினு இருக்கறீங்களே" என்றாள்.

அவள் சோற்றைச் சொன்னதற்குக் காரணம் உண்டு. வீடு மாற்றுகிற நாளுக்கு முந்தின நாள் அவளுக்குச் சதுர்த்தசி விரதம். அன்று முழுக்கத் தண்ணீர் மட்டும்தான். மறுநாள் விரதம் முடிக்கும்போது நாலு பேருக்குப் பரிமாறிவிட்டுத்தான் தன் வாயில் வைப்பாள். அது அவள் எடுத்துக்கொண்ட சங்கல்பம். சூரியன் இறங்கிவிட்டால் சாப்பாடு கிடையாது. அப்புறம் மறுநாள் விடிந்துதான். போன மாதம் இப்படித்தான் ஒரு விரதம் இழுத்துக்கொண்டு போய், கோயில் வாசலிலேயே மயங்கி விழுந்தாள். "இன்னொரு வாட்டி இப்படிக் கூட்டிக்கினு வந்தீங்கன்னா உங்களத்தான் அட்மிட் பண்ணுவேன்" என்று டாக்டரம்மா பாகுபலியைத்தான் திட்டினார். அதனால் அவள் கணக்கு சுலபம். பகலுக்குள் சாமான் இறங்கிவிடும், புது வீட்டில் ஆக்கிவிடலாம், லோடு ஆட்கள் நாலு பேருக்கும் போட்டுவிட்டு வெளிச்சத்திலேயே சாப்பிட்டுவிடலாம்.

இதோடு விட்டிருந்தால் கதை கிடையாது. பாகுபலிக்கு மனசு கேட்கவில்லை. மறுநாள் கடையில் கண்ணாடி மாற்ற வந்த ஒருவர், இதற்கென்றே செஞ்சியில் ஒரு அமைப்பு இருக்கிறது என்று சொல்ல, கடையைப் பாதியில் சாத்திவிட்டுக் கிளம்பிவிட்டார்.

திண்டிவனம் ரோட்டில் டயர் கடைக்கு மேலே, 'செஞ்சி வட்டார இடமாற்ற விருப்பத்தொகை நெறிமுறை மன்றம்' என்று போர்டு தொங்கியது. சில வருஷத்துக்கு முன்னால் யாரோ வீடு மாற்றும்போது இந்தக் காசுத் தகராறில் ஃப்ரிட்ஜை நடுரோட்டில் வைத்துவிட்டுப் போய்விட்டார்களாம். அதற்குத் தீர்வு காண உண்டானது மன்றம். ஃப்ரிட்ஜ் அன்றைக்கே வீடு போய்ச் சேர்ந்துவிட்டது. மன்றம்தான் நிலைத்துவிட்டது. ரிட்டயர் ஆன பிறகும் கையெழுத்துப் போடுகிற பழக்கத்தை விடமுடியாதவர்கள் சிலர் அதில் பொறுப்பில் இருந்தார்கள்.

தலைவர் கோவிந்தசாமி எந்த இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர் என்று யாருக்கும் தெரியாது. நாற்காலி முதுகில் துண்டு போட்டிருந்ததால் பெரிய இலாகாவாகத்தான் இருக்கவேண்டும் என்று பாகுபலி நினைத்துக்கொண்டார். பக்கத்தில் களப் பார்வையாளர் விநாயகம், கையில் செல்போனோடு விறைப்பாக நின்றுகொண்டிருந்தார்.

"விருப்பத்தொகை கட்டாயமா என்று கேட்க வந்திருக்கிறீர்கள்" என்றார் தலைவர்.

"இல்லீங்க. எவ்ளோ குடுக்கலாம்னு..."

"கட்டாயமில்லை. ஆனால் கட்டாயமில்லாத ஒன்றை முறையாகச் செய்வது கட்டாயம். அதற்குத்தான் நாங்கள் இருக்கிறோம்."

"சரிங்க. எவ்ளோ?"

தலைவர் முகம் சுளித்தார். "மன்றம் தொகையைப் பற்றிப் பேசாது. தொகையைப் பேசினால் அது கூலி ஆகிவிடும். நாங்கள் பேசுவது விருப்பத்தைப் பற்றி. உங்களுக்கு விருப்பம் இருக்கிறதா?"

"இருக்குதுங்க."

"இருக்கிறது என்று நீங்களே சொல்லிக்கொண்டால் போதுமா? விநாயகம், இவருடைய முகமலர்ச்சியைப் பாருங்கள்."

விநாயகம் செல்போனைத் தூக்கிப் பிடித்து, லோடு ஆளுக்குக் காசு நீட்டுவதுபோலக் கையை நீட்டச் சொன்னார். பாகுபலி நீட்டினார். சிரிக்கச் சொன்னார். சிரித்தார். "பல் தெரிகிறது. விருப்பம் தெரியவில்லை" என்றார் விநாயகம். இன்னொரு முறை சிரித்தார். "இது பயம்" என்றார். கொஞ்ச நேரம் இப்படியே போனது. கடைசியில் கீழே டயர் கடையில் ஒரு டயர் வெடித்த சத்தத்துக்குப் பாகுபலி வாயைப் பிளந்ததைப் படம் பிடித்து, தற்காலிகமாக இதை ஏற்கலாம் என்று தலைவரிடம் காட்டினார்.

ஆலோசனைக் கட்டணம் ஐந்நூறு ரூபாய் என்றார்கள். பாகுபலி எடுத்துக் கொடுத்தார். பழக்கதோஷத்தில் இதற்கும் சிரிக்கவேண்டுமா என்று கேட்டுவிட்டார்.

"தேவையில்லை" என்றார் தலைவர். "இது எங்களுக்குச் சேருவது. இதில் உங்கள் விருப்பம் சம்பந்தப்படவில்லை."

எழுந்து வரும்போதாவது வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம். "காசோட சேத்து சோறும் போடலாம்னு வூட்ல சொல்றாங்க" என்று சொல்லிவைத்தார். தலைவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். சோறு என்றால் அது பொருள்வகை விருப்பத்தொகை. பொருள்வகைக்கு மன்றமே நேரில் வந்து மதிப்பிட வேண்டும். தேதி என்ன, விலாசம் என்ன என்று கேட்டு வாங்கிக்கொண்டார். பாகுபலி இதை வீட்டில் சொல்லவில்லை. வரமாட்டார்கள் என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டார். அழைக்காத இடத்துக்கு வராதவர்கள் உண்டு. கையெழுத்துப் போட வாய்ப்பிருக்கிற இடத்துக்கு வராதவர்கள் கிடையாது.

குறித்த நாளில் விடியற்காலையிலேயே குட்டி யானை வண்டி தொண்டூருக்கு வந்துவிட்டது. ரசூல் பாய், தனகோட்டி, அனந்தபுரத்து அண்ணன் தம்பி இரண்டு பேர். ரமலான் மாதம். பாய் நோன்பு, ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காமல் சுமை தூக்கினார். முதல் நடையிலேயே அடுப்பும் பாத்திரமும் செஞ்சிக்கு வந்துவிட்டன. பிரம்மி பால் காய்ச்சிவிட்டுச் சமையலில் இறங்கினாள். பூசணிக்காய் கூட்டு, அவரைக்காய்ப் பொரியல், சாம்பார், ரசம், வடை, பாயசம். நேற்றிலிருந்து வயிற்றில் ஒன்றுமில்லை. ஆனாலும் புது வீடு என்கிற சந்தோஷத்தில் கை ஓடியது.

"எல்லாருக்கும் எல போடறேன் பாய், ஒக்காருங்க" என்றாள்.

"எனக்கு மட்டும் ஒரு டப்பால எடுத்து வச்சிடும்மா. நோன்பு தொறந்துட்டு துன்றேன்."

"அதுக்கின்னா பாய், தனியா வக்கிறேன்."

இரண்டு பேரும் இரண்டே வாக்கியத்தில் முடித்துவிட்டார்கள். கடைசிச் சாமானான பீரோவும் மாடி ஏறிவிட்டது. மணி மூன்றுகூட ஆகவில்லை. தனகோட்டி கை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தான். பிரம்மி இலையைத் துடைத்துப் போட்டாள். அப்போதுதான் கீழே ஆட்டோ வந்து நின்றது.

தலைவர் முன்னால் வந்தார். விநாயகம் பின்னால் ஒரு மடக்கு நாற்காலியும், சுருட்டிய பேனரும், ஒரு பையும் சுமந்துகொண்டு வந்தார். பேனரை மாடிக் கைப்பிடியில் கட்டியபிறகுதான் யாரையும் பார்த்துப் பேசினார்கள்.

"சுமை இறக்கும் பணி எங்கே?" என்றார் தலைவர்.

"முடிஞ்சிடுச்சிங்க" என்றார் பாகுபலி.

"முடிந்துவிட்டதா? யார் பார்த்தது?"

"நாங்கதான்..."

"பார்வையாளர் பார்க்காத சுமையை மன்றம் எப்படிச் சுமை என்று ஏற்கும்? விருப்பம் எதைப் பார்த்து வந்தது? காற்றைப் பார்த்தா?" தலைவர் வீட்டைச் சுற்றிக் கண்ணை ஓட்டி, பீரோவில் நிறுத்தினார். "மாதிரிக்கு ஒன்று போதும். இதைக் கீழே இறக்கி, மறுபடியும் ஏற்றச் சொல்லுங்கள்."

ரசூல் பாய் தன் காதை நம்பவில்லை. "சார், பீரோ மேலதான் இருக்குது. கண்ணால பாத்துக்குங்க."

"மேலே இருப்பது பலன். நாங்கள் பார்க்க வேண்டியது உழைப்பு" என்றார் விநாயகம். சொல்லிக்கொண்டே வண்டிச் சாவியை எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். விசாரணை முடியும்வரை வாகனம் மன்றத்தின் பாதுகாப்பில் இருக்குமாம்.

வண்டி பாயுடையதில்லை. சாயங்காலம் ஓனர் வீட்டில் விடவேண்டும், விடாவிட்டால் இன்னொரு நாள் வாடகை. பாகுபலி கையெடுத்துக் கும்பிட்டார், மன்றத்தையும் பாயையும் மாறி மாறி. நாலு பேரும் கயிற்றை எடுத்தார்கள். பீரோ இறங்கியது. நடுப்படியில் நிறுத்தச் சொல்லி விநாயகம் போட்டோ எடுத்தார். தனகோட்டியின் நெற்றியில் வியர்வை போதவில்லை என்று இன்னொரு போட்டோ எடுத்தார். பீரோ மறுபடியும் ஏறியது. ரசூல் பாயின் உதடு காய்ந்து வெளுத்திருந்தது. அவர் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். பாகுபலிக்கு அந்தப் படியிலேயே விழுந்து செத்துவிடலாம் போல இருந்தது.

கையில் கரண்டியோடு வாசலில் நின்றிருந்த பிரம்மி, அவரை உள்ளே கூப்பிட்டாள். "யாருங்க இவங்க?"

"அது... நான்தான் ஒரு வார்த்த கேட்டேன்."

"இன்னா கேட்டீங்க?"

"எவ்ளோ குடுக்கலாம்னு."

அவள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். திட்டியிருந்தால் பரவாயில்லை என்று அவருக்குத் தோன்றியது.

அடுத்து மதிப்பீடு. விநாயகம் பையிலிருந்து ஒரு ஸ்பூனை எடுத்து ஒவ்வொரு பாத்திரமாகத் திறந்து ருசி பார்த்தார். வடையை ஸ்பூனால் பார்க்க முடியாதென்று கையால் பார்த்தார். ஒரு வடையை வைத்து முடிவுக்கு வரக்கூடாது என்று இன்னொன்றும் பார்த்தார். பிறகு தலைவரிடம் வந்து குரலைத் தாழ்த்தி அறிவித்தார். "சாம்பாரில் வெங்காயம் இல்லை. பூண்டு எங்குமே இல்லை. உருளைக்கிழங்கு அறவே காணப்படவில்லை."

தலைவர் பிரம்மியைப் பார்த்தார். "பெறுபவர்களுக்குச் சேரவேண்டிய வெங்காயத்தை ஏன் மறுத்தீர்கள்?"

"எங்க வூட்ல வெங்காயம், கெழங்குன்னு மண்ணுக்குள்ள வெளையறத வாங்கறதே இல்லீங்க. எங்க தாத்தா காலத்துலேருந்து."

"ஆக, மறுப்பு பரம்பரையாகவே நடந்துவருகிறது" என்று தலைவர் சொல்ல, விநாயகம் குறித்துக்கொண்டார். சாம்பாரின் மதிப்பு பாதியாகக் குறைக்கப்பட்டது.

"சார், எங்களுக்கு வெங்காயம் வேணாம் சார். சோத்தப் போடச் சொல்லுங்க, போதும்" என்றான் தனகோட்டி.

"உங்கள் உரிமையை நீங்கள் விட்டுக்கொடுக்கலாம். உங்களுக்காக நாங்கள் விட்டுக்கொடுக்க முடியாது" என்று தலைவர் அவனை உட்காரச் சொன்னார். அவன் இலைக்கு முன்னால் உட்கார்ந்தபோது, அந்த இலையை விநாயகம் சுருட்டி எடுத்துவிட்டார். முடிவு வரும்வரை யாரும் தொடக்கூடாதென்று எல்லாப் பாத்திரங்களின் மூடியிலும் மன்றத்தின் முத்திரைத் தாள் ஒட்டப்பட்டது.

வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. பீரங்கிமேட்டு மாடியிலிருந்து பார்த்தால் கோட்டை மலையான ராஜகிரி நேர் எதிரே நிற்கும். மாசி மாதச் சூரியன் அதன் உச்சிக்கு மேலே, இன்னும் கொஞ்சம் உயரத்தில் இருந்தது. பாகுபலி அதைப் பார்ப்பதும் பிரம்மியைப் பார்ப்பதும் தலைவரைப் பார்ப்பதுமாக நின்ற இடத்தில் நிற்கமுடியாமல் அலைந்தார். செருப்பைப் போட்டார், கழற்றினார். பேனர் முடிச்சை அவிழ்க்கப் போய், விநாயகம் பார்த்ததும் இறுக்கிக் கட்டிவிட்டு வந்தார்.

"ஐயா, என் சம்சாரம் பொழுது சாயறதுக்குள்ள சாப்பிடணும். நேத்துலேருந்து வெறும் வயிறு. இவங்களுக்குப் போட்டாத்தான் அவ சாப்டுவா" என்றார் கெஞ்சலாக.

தலைவர் விதியைச் சொன்னார். பொருள்வகையில் முக்கியமானது சமநேர ஏற்பு. கொடுப்பவரும் பெறுபவர் அனைவரும் ஒரே நேரத்தில் உண்ண வேண்டும். "முன்னால் உண்பவர் சூடாக உண்கிறார். பின்னால் உண்பவர் ஆறியதை உண்கிறார். அங்கே ஏற்றத்தாழ்வு வந்துவிடுகிறது. ஏற்றத்தாழ்வை ஒழிக்க வந்த அமைப்பு இது. பெறுபவர்களின் தலைவர் யார்?"

"நாந்தான். சூரியன் எறங்கி பாங்கு சொன்னாதான் நான் வாயில தண்ணி வப்பேன். அவங்க எல்லாம் இப்பவே துன்னட்டும் சார்" என்றார் ரசூல் பாய்.

"சூரியன் எறங்கிட்டா நான் தண்ணிகூடக் குடிக்கமாட்டேங்க" என்றாள் பிரம்மி.

தலைவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் முகத்தில் அன்று முதல்முறையாக மலர்ச்சி தெரிந்தது. மன்றம் தொடங்கியதிலிருந்து இப்படி ஒரு வழக்கு வந்ததில்லை. "இருவரும் ஒருசேர உண்ணக்கூடிய நேரம் எது?"

"அப்படி ஒரு நேரமே இல்ல சார்" என்றார் பாய்.

"இல்லாத நேரத்தை மன்றம் ஏற்படுத்தும்" என்றார் தலைவர்.

ஏற்படுத்தவும் செய்தார். சூரியன் ராஜகிரிக்குப் பின்னால் போவது ஒரு நேரம். காலண்டரில் போட்டிருக்கிற அஸ்தமனம் அதற்கும் பிந்திய நேரம். மலைக்குப் பின்னால் போனதும் ரசூலுக்கு அஸ்தமனம் ஆகிவிட்டதாகக் கொள்ளலாம். காலண்டர்படி பிரம்மிக்கு இன்னும் ஆகவில்லை என்று கொள்ளலாம். அந்த இடைவெளிக்கு 'செஞ்சி நேரம்' என்று பெயர் வைத்தார். விநாயகம் கைதட்டினார்.

"நோன்பு மலைக்கு இல்ல சார், சூரியனுக்கு" என்றார் பாய், பொறுமையாக. "மலை மேல ஏறி நின்னா சூரியன் தெரியும் இல்ல?"

அது நியாயமான ஆட்சேபணை என்று தலைவருக்கே பட்டுவிட்டது. மலைமேல் ஏறிப் பார்த்து அறிக்கை தர ஒருவரை அனுப்பவேண்டும் என்றார். கோட்டைக்கு இந்நேரம் கேட்டைச் சாத்தியிருப்பார்கள் என்றார் விநாயகம். அப்படியானால் நாளைக் காலையில் மலை ஏறி, இன்றைய அஸ்தமனத்தைப் பார்த்துவர ஏற்பாடு செய்யலாமா என்று தலைவர் யோசிக்க ஆரம்பித்தார். இன்றைய அஸ்தமனம் நாளைக்கு இருக்காதே என்ற சந்தேகம் விநாயகத்துக்கு வந்தது. அதற்கு ஒரு துணைக்குழு போடலாம் என்றார் தலைவர்.

சூரியனின் கீழ் விளிம்பு மலை உச்சியைத் தொட்டது.

பிரம்மி சுவரைப் பிடித்துக்கொண்டாள். கோயில் வாசலில் விழுந்த அன்றைக்கும் முதலில் இப்படித்தான் சுவரைப் பிடித்தாள். இத்தனையும் தன்னால்தான் என்பது பாகுபலிக்கு அப்போது அப்பட்டமாகத் தெரிந்தது. பிரம்மியையும் நாலு பேரையும் சமையலறைக்குள் அனுப்பிவிட்டு, அதன் வாசலில் தலைவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, நிலைச்சட்டத்தின் இரண்டு பக்கமும் கையை ஊன்றி நின்றார்.

"போடு" என்றார் பிரம்மியிடம்.

"வழியை விடுங்கள்" என்றார் தலைவர் பின்னாலிருந்து. பாகுபலி நகரவில்லை. "முத்திரையிடப்பட்டிருக்கிறது!" என்று விநாயகம் கத்தினார். முத்திரையெல்லாம் சாம்பாரின் ஆவியில் எப்போதோ பசை விட்டு உரிந்து தரையில் கிடந்தது.

பிரம்மி மூடியைத் திறந்தாள். உட்காரவைத்து, இலை போட்டு, வரிசையாகப் பரிமாற வேண்டும் என்று அவள் கை அந்த அவசரத்திலும் இலையைத் தேடியது. தனகோட்டி நின்றபடியே இரண்டு கையையும் நீட்டினான். அண்ணன் தம்பி இரண்டு பேரும் பக்கத்தில் வந்து நீட்டினார்கள். காலையிலிருந்து சுமை தூக்கி, பீரோவை இரண்டு தடவை ஏற்றிய பசி அவர்களுக்கு. ஆளுக்கு ஒரு கவளம். அதை வாயில் போட்டதுதான் தாமதம், மூன்று பேரும் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்கள்.

"துன்னாச்சிம்மா. நீ ஒக்காரு" என்றான் தனகோட்டி, வாயில் சோற்றோடு.

"நாலு பேருன்னு நெனச்சேன் தம்பி. பாய் டப்பாவ இன்னும் கையில குடுக்கல, மூணு பேருதான்..." அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

ரசூல் பாய் எட்டி, தனக்கென்று எடுத்து வைத்திருந்த டப்பாவைத் தூக்கிக்கொண்டார். "என் கைக்கு வந்துடுச்சிம்மா. குடுத்தது உன் கணக்கு. எப்ப துன்றேங்கறது என் கணக்கு. நீ ஒக்காந்து சாப்டு."

பிரம்மி அடுப்புக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தாள். ஜன்னல் வழியாக இன்னும் வெளிச்சம் வந்துகொண்டிருந்தது. ஒரு கவளம் செல்லுபடியாகும் ஏற்பா, நின்றுகொண்டு உண்டது உண்டதாகுமா, டப்பாவைத் தூக்கியதைப் பெற்றதாகக் கொள்ள முடியுமா என்று தலைவர் பாகுபலியின் முதுகைப் பார்த்து ஒரு சொற்பொழிவே ஆற்றினார். அது முடிவதற்குள் அவள் சாப்பிட்டு, தண்ணீர் குடித்து, வாயைக் கொப்பளித்துவிட்டாள். முகத்தில் ரத்தம் ஏறியது. பாகுபலி அப்போதுதான் கையை நிலைச்சட்டத்திலிருந்து எடுத்தார்.

கொஞ்ச நேரத்தில் பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். பாய் பையிலிருந்து ஒரு பேரீச்சம்பழத்தை எடுத்து வாயில் போட்டு, தண்ணீர் குடித்து, டப்பாவைத் திறந்தார். பிரம்மி மற்ற மூன்று பேருக்கும் இலை போட்டாள். இருட்டில் அவள் அடுப்பு மூட்டமாட்டாள். ஆக்கி வைத்ததைப் பிறருக்குப் போடுவதில் அவளுக்குத் தடையில்லை. மடக்கு நாற்காலியில் தனியாக உட்கார்ந்திருந்த தலைவரையும் விநாயகத்தையும் பார்க்கப் பாவமாக இருந்தது போலிருக்கிறது, அவர்களுக்கும் இரண்டு இலை போட்டுவிட்டாள். மதிப்பு பாதியாகக் குறைக்கப்பட்ட சாம்பாரைத் தலைவர் மூன்று தடவை கேட்டு வாங்கினார்.

சாப்பிட்டு எழுந்து, ஏப்பம் விட்டு, தீர்ப்பைச் சொன்னார். பொருள்வகை ஏற்பில் நடைமுறைக் குறைபாடுகள் உள்ளன. ரொக்க வகையில் எவ்வளவு கொடுக்கலாம் என்ற விண்ணப்பதாரரின் கேள்வி மிக ஆழமானது. அதை மன்றத்தின் அடுத்த கூட்டத்துக்கு எடுத்துச்செல்வதாக முடிவு செய்யப்படுகிறது. அதுவரை யாரும் யாருக்கும் எதுவும் கொடுக்கக்கூடாது. சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு, ஆட்டோவுக்கு இருநூறு ரூபாய் பாகுபலியிடம் வாங்கிக்கொண்டு இரண்டு பேரும் இறங்கிப் போனார்கள். பேனரை மறக்காமல் அவிழ்த்துக்கொண்டார்கள்.

நாலு பேரும் கிளம்பத் தயாரானார்கள். தனகோட்டி கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டான். பாகுபலி சட்டைப் பையில் கையை விட்டார், எடுத்தார், மறுபடி விட்டார். பகலெல்லாம் பட்டது போதாதென்று அந்தப் பழைய நமைச்சல் மறுபடி ஆரம்பித்துவிட்டது. கடைசியில் படியில் இரண்டு இறங்கி ரசூல் பாயைப் பிடித்துவிட்டார்.

"பாய், தப்பா நெனச்சிக்காத. வெளிப்படையா சொல்லிடு. எவ்ளோ குடுக்கட்டும்?"

"ஆளுக்கு முந்நூறு குடு."

பாய் யோசிக்கவுமில்லை, இழுக்கவுமில்லை. சட்டைப் பைக்குள் போன பாகுபலியின் கை அங்கேயே நின்றது. மாடி வாசலில் பாத்திரம் துலக்க உட்கார்ந்த பிரம்மியும் கையை நிறுத்தினாள்.

"இத... இத முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா பாய்?"

"மச்சான கேட்ட. கடக்காரர கேட்ட. டயர் கட மாடி ஏறிப் போயி அவங்கள கேட்ட" என்றார் ரசூல் பாய், வண்டிச் சாவியைத் துண்டில் துடைத்துக்கொண்டே. "என்னைய இப்பதான கேக்கற, நைனாரே."